யாழ்ப்பாணத்துப் பாறையும் இலங்கையின் இரும்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரும்புத்தாதுப் படிவு இல்லை. அதன் தரைக்குக் கீழே இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அக்காலத்தில், ஆழமற்ற கடலில் உயிரினங்களின் ஓடுகள் படிந்து இறுகி இப்பாறை உருவானது. வலிகாமத்துச் செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு ஒட்சைட்டே. ஆயினும் உருக்கி எடுக்கும் அளவுக்கு இரும்பு அதில் செறிந்திருக்கவில்லை.

இரும்புத்தாது பெரும்பாலும் மிகப் பழைய பாறைகளுக்கு உரியது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீரில் இரும்பு கரைந்திருந்தது. நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஒட்சிசன் அதை ஒட்சைட்டாக்கிக் கடலடியில் படியவைத்தது. இரும்பும் சிலிக்காவும் பட்டை பட்டையாக அடுக்கிய இவ்வகைப் பாறையைச் சேலத்துக் கஞ்சமலையில் காணலாம்.

இலங்கையின் தாதுக்களுக்கு வேறு வரலாறு உண்டு. தீவின் பழம்பாறைகளில் மேற்கே வன்னித் தொகுதி, நடுவே உயர்நிலத் தொகுதி, கிழக்கே விஜயன் தொகுதி என முப்பெரும் பிரிவுகள் உள்ளன. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் மடகஸ்காரும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானாப் பெருங்கண்டமாகச் சேர்ந்த காலத்தில், இத்தொகுதிகளும் மோதி இணைந்தன. உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் பொருந்திய எல்லை புவியோட்டின் நலிந்த வலயம். ஆழத்துப் பொருள்கள் மேலேற அது வழிவிட்டது. கன்னியா, மஹா ஓயா வெந்நீரூற்றுகளும் அவ்வெல்லையை அண்டியே சுரக்கின்றன.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கேயுள்ள சேருவில இந்த எல்லையில்தான் அமைந்துள்ளது. அங்கே செம்புத்தாதும் மக்னடைற்று எனும் காந்த இரும்புத்தாதும் கலந்த படிவைப் புவிச்சரிதவியல் திணைக்களம் 1971இல் கண்டறிந்தது. அது பழைய சுண்ணாம்புப் பாறைகளோடு சூடான கரைசல்கள் வினைபுரிந்து உண்டானதா, பாறைக்குழம்பிலிருந்து நேரே பிரிந்ததா என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுகின்றனர். சிலாபத்துக்கு அருகே பனிரெண்டாவையிலும் மக்னடைற்று மண்ணுக்கடியில் புதைந்துள்ளது. இரத்தினபுரிப் பக்கத்துத் தாது இவற்றினின்று வேறானது. கனமழையில் பாறை சிதைந்து, எஞ்சிய இரும்பு மேற்பரப்பில் திரண்டது.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த ஈமக்காடு, இரும்பை அறிந்த பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்தது. அம்மக்கள் கையாண்ட இரும்பின் தாது குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல்லிலிருந்து கிடைத்திருக்க முடியாது. தெற்கேயுள்ள பெருநிலத்திலிருந்தோ பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்தோதான் அது வந்திருக்க வேண்டும்.