மயாமி நீர்க்காப்பு மாவட்டம்: வெள்ளத்தைத் தாங்கிய சட்டமும் அணையும்

முன்னுரை

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிரேட் மயாமி ஆற்றங்கரையில் டேட்டன் நகரம் அமைந்துள்ளது. (புளோரிடா மாநிலத்து மயாமி நகருக்கும் இவ்வாற்றுக்கும் தொடர்பில்லை.) ஸ்டில்வாட்டர், மேட் ஆகிய ஆறுகளும் உல்ஃப் ஓடையும் இந்நகரப் பகுதியிலேயே பேராற்றில் கலக்கின்றன. 1913 மார்ச் 23, ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய புயல்மழை ஏற்கெனவே ஈரம் ஊறிய நிலத்தில் பெய்தமையால், பெய்த நீரில் பெரும்பகுதி அப்படியே ஆற்றுக்கு வந்தது. 25ஆம் நாள் கரைகள் உடைந்தன. நகரின் நடுப்பகுதியில் 20 அடி வரை நீர் நின்றது. பள்ளத்தாக்கு முழுவதிலுமாக 360க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதன்பின் அத்தகைய வெள்ளம் டேட்டனுக்குள் புகவில்லை. இதற்குக் காரணமாக ஐந்து மண் அணைகளையும் அவற்றை வடிவமைத்த பொறியாளர் ஆர்தர் மார்கனையும் சுட்டுவது வழக்கம். அது பாதி உண்மையே. அணையால் காக்கப்படுவோரையும் அதே அணையால் நிலம் இழப்போரையும் ஒரே கணக்கிற்குள் கொண்டுவந்த ஒரு சட்ட அமைப்பு முதலில் உருவாக வேண்டியிருந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மாவட்டம் என்னும் அமைப்பு

வெள்ளம் வடிந்த இரண்டே மாதங்களில், 1913 மே மாதம், டேட்டன் மக்கள் 20 இலட்சம் டாலருக்கு மேல் நிதி அளிக்க உறுதியளித்தனர். வெள்ளத்தின்போது மாடி அறைகளில் ஒடுங்கியிருந்தவர்கள் அங்குச் செய்துகொண்ட உறுதிமொழியை நினைவூட்டுவதாகவே நிதிதிரட்டலின் முழக்கம் அமைந்தது. பணம் திரண்டது, அதிகாரம் இல்லை. மார்கனின் ஆய்வு, நகருக்குள் கரையை உயர்த்துவது போதாது, ஆற்றின் மேற்பகுதியிலேயே நீரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்றது. அந்நிலமோ நகர எல்லைக்கு வெளியே, ஒரு பகுதி பிற கவுண்டிகளிலும் இருந்தது. ஒரு நகராட்சி தன் எல்லைக்கு அப்பால் வரி விதிக்கவோ நிலம் கையகப்படுத்தவோ வழியில்லை.

டேட்டன் வழக்கறிஞர் ஜான் மக்மேகன் வரைந்த ஒகையோ நீர்க்காப்புச் சட்டம் 1914 பிப்ரவரியில் நிறைவேறியது. மயாமி நீர்க்காப்பு மாவட்டம் 1915 ஜூனில் உருவானது. 'மாவட்டம்' என்பது இங்கு வருவாய் நிருவாக அலகன்று. ஒரு பணிக்கெனவே அமைக்கப்பெற்ற, வரி விதிக்கும் உரிமையுடைய உள்ளூர் அமைப்பு. அதன் எல்லையை ஆற்றுப்படுகை வகுத்தது. ஒவ்வொரு சொத்தும் அடையும் பயனும், ஒவ்வொரு சொத்துக்கும் நேரும் இழப்பும் மதிப்பீட்டாளர்களால் தனித்தனியே கணிக்கப்பட்டன. பயனடைந்தவர் செலுத்தினார், இழந்தவர் ஈடு பெற்றார். மூன்று கோடி டாலரைக் கடந்த செலவுக்கு மைய அரசின் பணமோ மாநில அரசின் பணமோ பெறப்படவில்லை.

எனினும் இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. இயக்குநர் மூவரையும் நியமித்தது வாக்காளரன்று. கவுண்டிக்கு ஒருவராகக் கூடிய நீதிபதிகளின் மன்றமே. மேல்பகுதி உழவர்கள், தொழில்நகரம் ஒன்றின் நலனுக்காகத் தம் வயல்கள் மூழ்கவேண்டுமா என வினவியது இப்பின்னணியில்தான். அதனை முன்னேற்றத்திற்கு எதிரான பிடிவாதம் எனக் கொள்வது பொருந்தாது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 1915இல் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. நிலவுடைமையாளர் தொடுத்த 'ஆர் எதிர் ஆலன்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1918இல் அதனையே உறுதிசெய்தது.

நீர் தேக்காத அணைகள்

தமிழ் வாசகருக்கு அணை என்றதும் தேங்கிய நீரே நினைவிற்கு வரும். ஜெர்மன்டவுன், எங்கிள்வுட், லாக்கிங்டன், டெய்லர்ஸ்வில், ஹஃப்மன் ஆகிய இவ்வைந்து அணைகளும் ஆண்டின் பெரும்பகுதி வெறுமையாகவே நிற்பவை. அடியிலுள்ள கற்காரை வழிகளுக்குக் கதவுகள் இல்லை. கீழ்ப்பகுதி ஆறு கரை மீறாமல் சுமக்கக்கூடிய அளவு நீர் மட்டுமே அவ்வழிகளில் செல்லும். மிகுதி பின்னால் தேங்கிப் பின் தானே வடியும். எப்போது திறப்பது என்னும் முடிவை வெள்ள இரவில் எந்த அதிகாரியும் எடுக்கவேண்டியதில்லை. நீர்ப்பாசனத்திற்கோ மின்னாக்கத்திற்கோ நீரைச் சேமிக்கும் ஆவலும் எழுவதற்கில்லை. 1913 வெள்ளத்தினும் 40 விழுக்காடு மிகுதியான வெள்ளத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட இவ்வமைப்பின் கட்டுமானம் 1918இல் தொடங்கி 1922இல் நிறைவுற்றது.

தேங்குபரப்பு நிலங்கள் முற்றிலும் கைவிடப்படவில்லை. மாவட்டம் வாங்கிய நிலங்களுள் பல, வெள்ளநீர் தேங்கும் உரிமையை நிறுத்திவைத்துக்கொண்டு மீண்டும் உழவருக்கே விற்கப்பட்டன. இப்பகுதியின் பெருவெள்ளங்கள் பெரும்பாலும் குளிர்கால இறுதியில் வருவதால் பயிர்ப்பருவம் தப்பியது.

ஆனால் ஊருக்கு அவ்வழி இல்லை. ஹஃப்மன் அணையின் தேங்குபரப்பில் இருந்த ஆஸ்பர்ன் என்னும் சிற்றூரின் ஏறத்தாழ 400 வீடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் ஃபேர்ஃபீல்டு ஊரின் அருகே நிறுவப்பட்டன. 1950இல் இரண்டும் இணைந்து ஃபேர்பார்ன் ஆயின. டேட்டனின் பாதுகாப்புக்கு ஆஸ்பர்ன் கொடுத்த விலையில் பணக்கணக்கிற்குள் அடங்காத பகுதியும் உண்டு. பழைய பெயரின் பின்பாதி மட்டும் புதிய பெயரின் இறுதியில் தங்கியிருக்கிறது.

சோதனையும் மறதியும்

1959 சனவரியில் வந்த பெருவெள்ளத்தை அணைகள் தாங்கின. 2005 சனவரியிலும் அவ்வாறே. 1922 முதல் ஈராயிரம் முறைக்கு மேல் அவை வெள்ளநீரைத் தேக்கி விடுத்துள்ளன. பெரும்பாலானவற்றை நகரமக்கள் அறிந்திருக்கவே வாய்ப்பில்லை. நூற்றாண்டு கடந்த கட்டுமானங்களின் பழுதுபார்ப்புச் செலவை ஒட்டி 2024இல் சொத்துகளின் பயன்மதிப்பு மறுகணிப்புச் செய்யப்பட்டு வரி உயரவிருந்தபோது, ஹாமில்டன் உள்ளிட்ட ஆற்றங்கரை நகரங்களில் எதிர்ப்பு எழுந்தது. 1914இல் மேல்பகுதி உழவர் எழுப்பிய, யாருக்காக யார் செலுத்துவது என்ற வினாவை இம்முறை எழுப்பியவர்கள், அணைகளால் காக்கப்பட்ட கீழ்ப்பகுதி மக்களே.