பனியைப் பார்த்தவர்களும் சூரியனைப் பார்த்தவர்களும்

மாசி பிறந்துவிட்டது. ஆனாலும் விடியக்காலையில் எங்க பள்ளக்காட்டுப் புல்லு மேல உப்பு தூவின மாதிரி வெள்ளையாத்தான் கிடக்கு. ஊர்ல இருக்கிற உங்களுக்கு இது போட்டோ எடுக்கிற விஷயம். எங்களுக்கு பீன்ஸ் விதையைக் கையில வச்சுக்கிட்டு ஊன்றலாமா வேண்டாமான்னு தவிக்கிற காலம். பத்து நாள் முந்தி ஊன்றினா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முதல் ஆளாப் போய் நல்ல விலை பார்க்கலாம். நடுவுல ஒரு ராத்திரி உறைபனி இறங்கினா முளைச்ச அத்தனையும் காலையில வெந்த கீரை மாதிரி கருகித் தொங்கும்.

பூண்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஐப்பசியில் ஊன்றியது பனியைக் குடிச்சே வளர்ந்து, இப்போ பிடுங்கி அடுப்புப் புகையில கட்டித் தொங்கவிடுற பக்குவத்துக்கு வந்திருக்கு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப் பூண்டு இதுதான். பிளம்ஸும் பேரியும் குளிரில் இலை உதிர்த்துத் தூங்கினால்தான் அடுத்து ஒழுங்காகப் பூக்கும்.

"சிவராத்திரியோட பனி சிவசிவான்னு போயிடும்" என்று எங்க தாத்தா சொல்வார். ஆனால் அவர் அந்தப் பேச்சை மட்டும் நம்பி விதைத்தவர் இல்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். மேகம் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவார். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் நின்றால் போச்சு. பகலில் மண் வாங்கிய சூடெல்லாம் தடுப்பு இல்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுக்காடு தப்பிக்கும், பள்ளக்காடு கருகும். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் சதுப்பு நிலத்தில் கரை கட்டி உண்டாக்கிய ஏரி இருக்கிறதே, அதைச் சுற்றியுள்ள புல்வெளி முதலில் வெளுப்பதும் இந்தக் கணக்கில்தான்.

இதே தெளிந்த வானத்துக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் இங்கே சூரிய ஆய்வுக்கூடம் கட்டினார்கள். ஆனால் அந்தக் கதை தொடங்கியது இந்த மலையில் இல்லை, கீழே பஞ்சத்தில்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம்ம பாட்டிமார் சொல்வது இதைத்தான். மழை பொய்த்தது உண்மை. ஜனங்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தபோதே துறைமுகத்தில் தானியம் கப்பல் ஏறியதும் உண்மை. அந்தச் சமயத்தில், 1877-ல், நார்மன் லாக்கியரும் டபிள்யூ.டபிள்யூ. ஹன்டரும் சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் இந்தியப் பஞ்சங்களுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். அதைக் கணித்தால் மழையையும் கணிக்கலாம் என்பது வாதம். அதன் பிறகு வந்த பஞ்சக் கமிஷனும் சூரியனைத் தொடர்ந்து கவனிக்கச் சொன்னது. கப்பலில் போன நெல்லை விட்டுவிட்டு சூரியனில் குற்றம் தேடினார்களே என்று எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு. ஆனாலும் மழையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். எந்த விவசாயிக்கு அது இல்லை?

ஆய்வுக்கூடம் கட்ட இடம் தேடி, மிச்சி ஸ்மித் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-ல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரம். அப்போது காட் ரோடு கிடையாது. மனிதர்களும் சாமான்களும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில்தான் ஏற வேண்டும். தொலைநோக்கியும் கண்ணாடியும் எப்படி உடையாமல் வந்து சேர்ந்தன என்று நினைத்தால், சுமந்தவர்களின் தோள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அவர்கள் பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

1909 ஜனவரி 5. மார்கழிப் பனி, பொங்கல் நெருங்கும் நேரம். ஜான் எவர்ஷெட் அன்றைக்குக் கரும்புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்துப் பார்த்தபோது, புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பேர். 1904 முதல் இங்கே எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு நாட்குறிப்பு.

மழை மட்டும் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. பருவமழைக்கும் பசிபிக் கடலின் சூட்டுக்கும் உள்ள உறவு பின்னாளில்தான் புரிந்தது. அந்த வழியைத் திறந்த கில்பர்ட் வாக்கர் பார்த்ததும் சூரியனை அல்ல, பல நாடுகளின் காற்றழுத்தக் கணக்குகளை. பஞ்சத்தைத் தடுக்கக் கட்டிய கூடம், சூரியனைப் பற்றி நிறையச் சொல்லித் தந்தது.

இந்த வருஷம் மேட்டுக்காட்டில் ரெண்டு நாள் முன்னாடி பீன்ஸ் ஊன்றிட்டேன். தெற்குச் சரிவு, காலை வெயில் முதலில் படுகிற இடம். வைக்கோலும் சருகும் வரப்பில் தயாராகக் குவிச்சிருக்கு, ராத்திரி மூடுறதுக்கு. பள்ளக்காட்டுக்கான விதை இன்னும் வீட்டுலதான் இருக்கு. சாயங்காலம் கிழக்கே கொஞ்சம் மேகம் திரண்டது. இப்போ திண்ணையில உட்கார்ந்து இதை எழுதும்போது அதையும் காணோம், நட்சத்திரம் தெரியுது. வைக்கோலை எடுக்கப் போறேன்.