கொதிகலனில் வெப்ப இடமாற்றம்: கரிக்கோச்சி முதல் வன்னியின் உமிக் கொதிகலன் வரை

நீராவிக் கொதிகலன் என்பது எரிபொருளின் வெப்பத்தை உலோகச் சுவர் ஒன்றினூடாக நீருக்குக் கொடுத்து, அழுத்தம் மிகுந்த நீராவியைப் பிறப்பிக்கும் மூடிய கலம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலத்தில் அதன் வேலை பெரும்பாலும் நெல்லோடுதான். காலபோக அறுவடை முடிந்து தை, மாசி, பங்குனியில் மூடை மூடையாக நெல் ஆலைக்கு வருகிறது. அதைப் புழுங்கலாக்கும் சுடுநீரையும் நீராவியையும் கொதிகலன் தருகிறது. கொதிகலனுக்கு எரிபொருளை அந்த நெல்லின் உமியே தருகிறது.

ஒரே அளவு எரிபொருளில் கூடுதலான நீராவி எடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளாகக் கிடைத்துவந்த விடைகள்தாம் கொதிகலன் வடிவமைப்பின் வரலாறு. வன்னிக்கு அது முதலில் தண்டவாளத்தின் மேல் வந்தது. பிறகு அரிசி ஆலைக்குள் புகுந்தது.

தடை எங்கே இருக்கிறது

அடுப்பின் வெப்பம் நீரை அடைய மூன்று இடங்களைக் கடக்க வேண்டும்: உலோகத்தை உரசிச் செல்லும் சூடான புகை, உலோகச் சுவர், மறுபுறத்தில் கொதிக்கும் நீர். ஒரு சதுர மீற்றர் பரப்பையும் ஒரு பாகை செல்சியஸ் வெப்பநிலை வேறுபாட்டையும் எடுத்துக்கொண்டால், குழாய்க்குள் ஓடும் புகை ஏறத்தாழ 50 வாற்று வெப்பத்தையே சுவருக்குக் கொடுக்கிறது. 3 மில்லிமீற்றர் தடித்த உருக்குச் சுவர் 15,000 வாற்றுக்கு மேல் கடத்த வல்லது. கொதிக்கும் நீரோ பல ஆயிரம் வாற்றை வாங்கிக்கொள்ளும். ஆகவே தடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு புகையின் பக்கத்திலேயே இருக்கிறது. உருக்குக்குப் பதிலாகச் செப்பைப் போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இதனால்தான் கொதிகலனைத் திருத்த முயன்றவர்கள் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, புகையின் பக்கமே கைவைத்தார்கள். அதன் பாதையை நீட்டினார்கள், அது தொடும் பரப்பைப் பெருக்கினார்கள், அதைக் கலக்கிவிட்டார்கள், இல்லையேல் புகையை நம்பாமல் தீயின் கதிர்வீசலை நேரே நீர்ச்சுவரில் விழச் செய்தார்கள்.

ஒற்றைக் குழாயிலிருந்து பல குழாய்க்கு

18ஆம் நூற்றாண்டின் கொதிகலன்களில் நெருப்பு கலத்தின் அடியில் எரிந்தது. பெருமளவு வெப்பம் புகைபோக்கி வழியே போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ட்ரெவிதிக் நெருப்பையே கலத்துக்குள் கொண்டுபோனார். நீருக்கு நடுவே செல்லும் ஒரு பெரிய குழாயினுள் தீ எரியும் அந்த வகைக்குக் கோர்னிஷ் கொதிகலன் என்று பெயர். 1844இல் வில்லியம் பெயார்பேர்ன் ஒரு குழாயை இரண்டாக்கினார். அந்த லங்காஷயர் கொதிகலன் பிரித்தானியப் பஞ்சாலைகளை நிரப்பி, இந்திய ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டைப் பலவாக்கும் எண்ணம் இதற்கு முன்பே பிறந்திருந்தது. பிரான்சில் மார்க் செகுவன் 1828இல் பல குழாய்க் கொதிகலனுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ரெயின்ஹில் போட்டியில் வென்ற ஸ்டீவன்சனின் ரொக்கெட் இயந்திரம், ஹென்றி பூத் சொன்ன யோசனைப்படி 25 செப்புக் குழாய்களைக் கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் 3 அங்குல விட்டம். புகை இருபத்தைந்தாகப் பிரிந்து ஓடியபோது அது தொடும் பரப்பு பல மடங்காயிற்று. வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்குள் ஊதிவிட்டதால் தீயின் இழுவையும் கூடியது. அதன் பின் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் ஓடிய நீராவிப் புகையிரதங்கள் பெரும்பாலும் இந்த அமைப்பின் வாரிசுகளே.

தண்டவாளத்தில் வந்த கொதிகலன்

வடக்குப் புகையிரதப் பாதை 1905இல் யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று அது வன்னிக் காட்டை ஊடறுத்துச் சென்றது. சனங்கள் கரிக்கோச்சி என்று அழைத்த அந்த வண்டியின் இயந்திரம், தீப்பெட்டியும் நீண்ட கொதிகலனும் புகைப்பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்திய தீக்குழாய் வகை.

அதன் உள்ளே நடப்பது கூர்ந்து பார்க்கத் தக்கது. நிலக்கரி எரியும் தீப்பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் மேலேயும் நீர் நிற்கும். மொத்த வெப்பப் பரப்பில் பத்தில் ஒரு பங்களவே உள்ள இந்தப் பெட்டி, நீராவியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகப் பிறப்பித்தது. செந்தணலின் கதிர்வீசல் நேரே சுவரில் விழுவதே காரணம். எஞ்சிய வேலையை நூற்றுக்கு மேற்பட்ட குழாய்கள் பகிர்ந்துகொண்டன. ஒரு குழாயின் முன்பாதி வாங்கும் வெப்பத்தில் சிறு பங்கையே பின்பாதி வாங்கும். அந்த இடத்துக்கு வரும்போது புகை ஆறிவிடும். குழாயை நீட்டிக்கொண்டே போவதில் பயன் குறைவு என்பதைப் புகையிரதப் பொறியியலாளர்கள் இப்படித்தான் அறிந்தார்கள்.

இலங்கையில் இதற்கு வேறு விடைகளும் ஓடின. மலைநாட்டு ஏற்றத்துக்காக 1920களின் பிற்பகுதியில் வந்த கராட் இயந்திரத்தில், கொதிகலன் இரண்டு சக்கரத் தொகுதிகளுக்கு நடுவே தொங்கியது. கீழே சக்கரம் இல்லாததால் தீப்பெட்டியை அகலமாகவும் ஆழமாகவும் அமைக்க முடிந்தது. அதே காலத்தில் வந்த சென்டினல் நீராவி ரயில் கார்கள் சிறிய நிலைக்குத்துக் கொதிகலனோடு ஓடின. 1950களில் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கியதும் கரிக்கோச்சியின் காலம் ஒடுங்கியது. போரினால் 1990இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன சேவை, 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியபோது தண்டவாளத்தில் இருந்தவை டீசல் வண்டிகள்.

புகையைக் கலக்கும் கலை

கைத்தொழிலின் அனுபவத்துக்கு அறிவியல் பின்னால் வந்து காரணம் சொன்னது. 1874இல் மன்செஸ்டரின் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கொதிகலனின் வெப்பப் பரப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி எழுதிய கட்டுரையில், புகை சுவருக்குக் கொடுக்கும் வெப்பம் அதிலுள்ள சுழிப்புகளைப் பொறுத்தது என்று காட்டினார். சீராக ஓடும் புகையில் சுவரை ஒட்டிய மெல்லிய படை அசையாமல் நின்று போர்வையாகிவிடும். சுழித்து ஓடும் புகை அந்தப் படையைக் கிழிக்கும். 1896இல் அமெரிக்கரான விட்ஹம், தீக்குழாய்களுக்குள் முறுக்கிய தகடுகளைச் செருகிச் சோதித்தார். எண்ணெய், எரிவாயுக் கொதிகலன்களில் இன்றும் அத்தகைய தகடுகள் உண்டு.

நீரின் பக்கத்திலும் ஓர் எல்லை இருந்தது. 1934இல் யப்பானிய அறிஞர் நுக்கியாமா, நீருக்குள் சூடேற்றிய மெல்லிய கம்பியை அவதானித்து, வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் குமிழ்கள் ஒன்றுசேர்ந்து உலோகத்தை நீராவிப் படலத்தால் மூடிவிடும் என்று காட்டினார். அந்தக் கணத்தில் உலோகம் நீரை இழந்து பழுத்துவிடும். பெரிய மின்நிலையக் கொதிகலன்களின் குழாய்களுக்கு உட்புறத்தில் திருகுப் புரிபோல வரிகள் இடுவது, சுழலும் நீரைச் சுவரோடு ஒட்டிவைத்து இதைத் தடுக்கத்தான்.

புகைபோக்கியால் வீணாகும் வெப்பத்தை மீட்கவும் வழிகள் பிறந்தன. 1845இல் எட்வேர்ட் கிரீன், வெளியேறும் புகையில் ஊட்டுநீரைச் சூடாக்கும் எக்கொனமைசரை உருவாக்கினார். 1867இல் பப்கொக்கும் வில்கொக்சும் நீர்க்குழாய்க் கொதிகலனுக்குக் காப்புரிமை பெற்றனர். அதில் நீர் குழாய்க்குள்ளும் தீ வெளியேயும் இருக்கும். அகன்ற கலத்தைவிடச் சிறிய குழாய் உயர் அழுத்தத்தைத் தாங்கும். 1920களில் சுவீடனின் லியூங்ஸ்ட்ரோம், எரிகாற்றைப் புகையின் மிச்ச வெப்பத்தால் சூடாக்கும் சுழல் கருவியைக் கொண்டுவந்தார். திருச்சிக்கு அருகே திருவெறும்பூரில் 1965இல் தொடங்கிய பாரத மிகுமின் நிறுவன ஆலை, இந்த அம்சங்கள் கொண்ட பெரும் கொதிகலன்களைத் தமிழ்நாட்டிலேயே கட்டுகிறது.

நெல் கேட்கும் வெப்பம்

வீட்டு முற்றத்தில் கிடாரத்தில் நெல் அவித்தபோதும் அடிப்படை இதுதான்: நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, காயவிடுவது. குளிர்ந்த நீரில் ஊற ஒரு நாளுக்கு மேலாகும். நீர் புளித்து அரிசியில் வாடை ஏறும். 60 முதல் 70 பாகைச் சுடுநீரில் ஊறவைத்தால் சில மணித்தியாலங்களே போதும். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இந்தச் சுடுநீர் முறையைப் பரப்பியது. 1967இல் திருவாரூரில் தொடங்கிப் பின்னர் தஞ்சாவூரில் வளர்ந்த நெல் பதன ஆய்வு மையம் அதை ஆலைகளுக்குக் கொண்டுசென்றது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் வயல்களில் விளையும் நெல்லைப் புழுங்கலாக்கும் வன்னி ஆலைகளும் இதே வழியில்தான் நடக்கின்றன.

கணக்கிட்டுப் பார்த்தால் உண்மையான பசி வேறிடத்தில் தெரியும். ஒரு தொன் நெல் ஊறி அவிந்தபின் 35 சதவீத ஈரத்தோடு இருக்கும். அதை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 320 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். ஊறவைக்கவும் அவிக்கவும் தேவையான வெப்பத்தைவிட இது அதிகம். வெயிலில் சீமெந்துத் தளத்தில் பரப்பிக் காயவிட்டால் அந்தச் செலவு இல்லை. மழையும் பனியும் உள்ள நாட்களில் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். அதற்கும் நீராவி வேண்டும்.

ஒரு தொன் நெல்லில் கிடைக்கும் உமி சுமார் 200 கிலோ. ஒரு கிலோ உமி 13 முதல் 15 மெகாயூல் வெப்பம் தரும். கொதிகலன் திறமையாக இயங்கினால் அவிக்கவும் உலர்த்தவும் இந்த உமியே போதுமாகலாம். திறமை குறைந்தால் விறகு வாங்க நேரும். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த ஒரு நிலப்பரப்புக்கு, வெளியிலிருந்து வரவேண்டியிராத எரிபொருளின் பெறுமதியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உமியின் குணம்

உமி எரிவதற்கு எளிது. எரித்த பின்தான் தொல்லை. அதன் நிறையில் ஐந்திலொரு பங்கு வரை சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்களவு சிலிக்கா. பறக்கும் சாம்பல் மணற்றாள்போல் குழாயைத் தேய்க்கும். வெப்பம் மிகும்போது இளகிச் சுவரில் ஒட்டும். எண்ணெய்க் கொதிகலனுக்குப் பொருந்தும் திருத்தங்கள் இங்கே எதிராகத் திரும்புவது இதனால்தான். முறுக்கிய தகடுகளைச் செருகினால் அவற்றின் இடுக்கில் சாம்பல் அடைக்கும். புகையின் வேகத்தைக் கூட்டினால் வெப்ப இடமாற்றம் கூடும், குழாய் விரைவில் அரிபடும். உமிக் கொதிகலனுக்கு அகன்ற குழாய்களும் மிதமான வேகமும், பெரிய தீயறையும் பொருந்தும்.

எரிக்கும் முறையிலும் படிப்படியான மாற்றம் உண்டு. படிக்கட்டு வடிவத் தட்டின் மேல் உமி சரிந்திறங்கி எரியும் அடுப்பு பழையது, செலவு குறைந்தது. கீழிருந்து ஊதும் காற்றில் மணல் கொதிப்பதுபோல் புரளும் பாய்மப் படுகை அடுப்பு புதியது. அந்தப் படுகைக்குள் அமிழ்ந்த குழாய் சதுர மீற்றருக்குப் பாகையொன்றுக்கு 250 வாற்று அளவில் வெப்பம் வாங்கும். வெறும் புகை தருவதைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் காற்றூதிக்கு மின்சாரமும், கவனித்து நடத்தத் தேர்ச்சியும் வேண்டும்.

ஒரு மில்லிமீற்றரின் விலை

வடிவமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும் அழுக்கு அதை வீழ்த்தும். குழாயின் புகைப்பக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் சாம்பல் படிந்தால், 50 வாற்று 33 ஆகக் குறையும். மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மறுபக்கத்தில் நீர் விட்டுச்செல்லும் கற்படிவு செய்வது வேறு வகைக் கேடு. புகை மட்டும் தொடும் குழாயில் அது எரிபொருளைச் சிறிதளவே விரயமாக்கும். தீ நேரே படும் சுவரிலோ ஒரு மில்லிமீற்றர் படிவு உலோகத்தின் வெப்பநிலையை ஏறக்குறைய 100 பாகை உயர்த்திவிடும். 10 பார் அழுத்தத்தில் நீர் 180 பாகையளவில் கொதிக்கிறது. படிவு 3 மில்லிமீற்றரானால் சாதாரண உருக்கு தன் வலுவை இழக்கும் எல்லைக்கு வந்து, புடைத்து வெடிக்கும்.

வன்னியில் இது ஏட்டுக் கவலை இல்லை. வவுனியாவின் பாறை நிலத்துக் கிணறுகளில் ஊறும் நீர் பொதுவாக வன்னீர். கல்சியமும் மக்னீசியமும் கூடியது. மழையால் நிரம்பும் குளத்து நீர் அதைவிட மென்மையானது. கிணற்று நீரை ஊட்டும் ஆலைக்கு மென்னீராக்கும் கருவி இன்றியமையாதது. கருவிக்குள் இருக்கும் பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். களைத்த பிசினை உப்புக் கரைசல் மீண்டும் தயாராக்கும்.

துப்புரவு நாளில் இந்த அறிவியல் முழுவதும் கண்முன் நிற்கும். தீயணைத்து ஆறவிட்ட கொதிகலனின் முன்கதவைத் திறந்தால் வரிசை வரிசையாகக் குழாய் வாய்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சாம்பல் நிறத் திரை. நீண்ட கம்பியின் நுனியில் கட்டிய கம்பித் தூரிகையை ஒரு முனையில் செலுத்தி மறுமுனையில் எடுக்கும்போது மென்தூள் கொட்டும். நீர்ப்பக்கத்தில் கைவிடும் துவாரத்தின் வழியே தட்டிப் பார்த்தால் வெண்ணிறச் செதில்கள் உதிரும். தூரிகை போட்ட பின் புகைபோக்கியின் வெப்பமானி முன்னையதைவிடக் குறைவாகக் காட்டும். ஒவ்வொரு 20 பாகைக் குறைவும் ஏறக்குறைய ஒரு சதவீத எரிபொருள் மிச்சம்.

நீராவிக் கொதிகலனின் பாதுகாப்பு இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. காப்பு வால்வு, அழுத்தமானி, நீர்மட்டக் கண்ணாடி ஆகியவற்றோடு காலந்தோறும் பரிசோதனையும் அதன் அம்சங்கள்.

இன்றைய வன்னி ஆலைக்குப் பொருந்தும் திருத்தங்களை வரிசைப்படுத்தினால் விலை குறைந்தவை முதலில் வரும்: புகைபோக்கியில் ஒரு வெப்பமானி, ஊட்டுநீருக்கு மென்னீராக்கி, குழாய்த் துப்புரவுக்கு நாள் குறித்த அட்டவணை. அடுத்தது உலர்த்தியிலிருந்து திரும்பும் சுடுநீரைச் சாக்கடையில் விடாமல் மீண்டும் ஊட்டுவது. ஊட்டுநீர் 6 பாகை கூடுதலாகச் சூடாயிருந்தால் எரிபொருளில் ஒரு சதவீதம் மிஞ்சும். எக்கொனமைசரும் பாய்மப் படுகையும் அதன் பின்னரே கணக்கில் வருகின்றன. மிஞ்சும் உமி கோழிப்பண்ணைக்கும் செங்கற்சூளைக்கும் விலைபோகிறது.