கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் - வீடியோ கேம்களில் மோதலின் கதை

வீடியோ கேமில் ஒரு பந்து சுவரில் பட்டுத் திரும்புகிறது. பார்ப்பவருக்கு இது மிகச் சாதாரணமான விஷயம். ஆனால் கணினிக்குக் கண் கிடையாது! திரையில் தெரியும் சுவர் அதற்கு வெறும் வண்ணப் புள்ளிகள் தான். "இது கெட்டியான பொருள், இதற்குள் எதுவும் நுழையக் கூடாது" என்று யாராவது தனியாகச் சொல்லித் தர வேண்டும். இன்றைய கேம் எஞ்சின்களில் இதற்காகவே பொருளின் படத்தோடு ஒரு கொலிஷன் ஷேப், அதாவது மோதல் வடிவம், சேர்க்கிறார்கள். விளையாடுபவர் பார்ப்பது படத்தை. மோதுவதோ கண்ணுக்குத் தெரியாத இந்த வடிவம். இந்த இரண்டும் எப்படித் தனித்தனியாகப் பிரிந்தன என்பது சுவையான வரலாறு.

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பி.டி.பி-1 கணினியில் ஸ்பேஸ்வார் என்ற கேமை உருவாக்கினார்கள். இரண்டு விண்கலங்கள் சுட்டுக் கொள்ளும் விளையாட்டு அது. கலங்களின் உருவத்தைப் புள்ளி புள்ளியாக ஒப்பிட அந்தக் கணினிக்கு நேரம் இல்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மட்டும் பார்த்தார்கள். அதிலும் பெருக்கலைத் தவிர்த்து, கூட்டல் கழித்தலோடு முடித்துக் கொண்டார்கள். விளைவு, ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண்கோணம்! மோதல் வடிவம் அன்றே பிறந்து விட்டது எனலாம்.

அடுத்து வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 1972-ல் அடாரி வெளியிட்ட பாங் கேமில் புரோகிராமே கிடையாது, எல்லாம் மின்சுற்று தான். பந்தை வரையும் சிக்னலும் மட்டையை வரையும் சிக்னலும் ஒரே நொடித்துளியில் வந்தால் மோதல் என்று அர்த்தம். 1977-ல் வந்த அடாரி வி.சி.எஸ். இதையே ஒரு சிப்புக்குள் வைத்தது. அதன் நினைவகம் வெறும் 128 பைட். திரையில் வரையக் கூடிய பொருட்கள் ஆறு வகை. ஆறில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15 ஜோடிகள். எந்த ஜோடி திரையில் ஒன்றன் மேல் ஒன்று பட்டது என்பதை அந்தச் சிப்பே குறித்து வைத்துக் கொள்ளும்.

இங்கே படமும் உடலும் ஒன்று தான். ஒரு புள்ளி கூடப் பிசகாது. பிறகு ஏன் இந்த முறை நீடிக்கவில்லை? யார் யாரைத் தொட்டார் என்று அது சொல்லும், எந்தப் பக்கம் தொட்டார் என்று சொல்லாது. இன்னொரு காரணமும் உண்டு. துல்லியம் எப்போதும் நியாயமாக இருப்பதில்லை.

ஜப்பானிய கேம்கள் இதை நன்றாகப் புரிந்து கொண்டன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) கேமில் ஒரே வீரருக்கு அடிக்கும் பெட்டி வேறு, அடி வாங்கும் பெட்டி வேறு. டோன்பாச்சி (1995) போன்ற கேம்களில் திரை முழுக்கக் குண்டு மழை பொழியும். அங்கே விமானத்தின் மோதல் பெட்டி அதன் படத்தை விட மிகச் சிறியது. இறக்கையில் குண்டு உரசினாலும் உயிர் போகாது. "மயிரிழையில் தப்பித்தோம்" என்று விளையாடுபவர் மகிழ்வார். கணக்குப்படி இது பொய் தான், ஆனால் இந்தப் பொய் இல்லாவிட்டால் அந்த கேமை யாராலும் விளையாட முடியாது.

முப்பரிமாணம் வந்ததும் சிக்கல் பெரிதானது. டூம் (1993) கேமில் நடக்கும்போது உருவங்களின் உயரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் உயரமான மேடையிலிருந்து, கீழே நிற்கும் அரக்கனின் தலைக்கு மேலாகத் தாண்ட முடியாது. வானம் வரை தூண் நிற்பது போலத் தடுக்கும்! க்வேக் (1996) ஒரு தந்திரம் செய்தது. வீரரை ஒரே புள்ளியாகச் சுருக்கி, அவர் பருமன் அளவுக்குச் சுவர்களை முன்கூட்டியே தடிக்க வைத்தது. புள்ளி சுவருக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. ஆனால் இப்படித் தயார் செய்த அளவுகள் மூன்றே: புள்ளிக்கு ஒன்று, வீரருக்கு ஒன்று, பெரிய அரக்கர்களுக்கு ஒன்று.

இதே யோசனையின் பொதுவான வடிவம் 1988-லேயே ரோபோ ஆராய்ச்சியில் வந்திருந்தது. கில்பர்ட், ஜான்சன், கீர்த்தி என்ற மூவரின் பெயரால் அது ஜி.ஜே.கே. முறை எனப்படுகிறது. மூன்றாமவரான எஸ். சத்திய கீர்த்தி திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றைக் 'கழித்தால்' புதிய வடிவம் ஒன்று கிடைக்கும். அதற்குள் பூஜ்யப் புள்ளி விழுந்தால் இரண்டும் மோதுகின்றன என்று பொருள். ஒரே நிபந்தனை, வடிவங்களில் உள்நோக்கிய குழிவு இருக்கக் கூடாது.

இன்று கேம் எஞ்சின் கற்பவர்கள் சந்திக்கும் பல விதிகள் இந்த நிபந்தனையின் வாரிசுகள். யூனிட்டியில் இயற்பியல் விசையால் நகரும் பொருளுக்குக் குழிவான மெஷ் கொலைடர் ஆகாது. நாற்காலி வேண்டுமென்றால் இருக்கைக்கு ஒரு பெட்டி, முதுகுக்கு ஒரு பெட்டி, கால்களுக்கு நான்கு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆங்கிரி பேர்ட்ஸ் (2009) கேமைத் தாங்கிய பாக்ஸ்2டி நிரலகத்தில் ஒரு பலகோணத்துக்கு இயல்பாக எட்டு முனைகள் தான் அனுமதி.

புதிதாகக் கற்பவருக்கு, படத்தின் ஒவ்வொரு மடிப்பையும் மோதல் வடிவத்தில் கொண்டு வரவே ஆசை வரும். அது வேகத்தையும் கெடுக்கும், பல நேரம் விளையாட்டையும் கெடுக்கும். தொட்டால் தோல்வி என்பது கேமின் விதி. எது தொடுதல் என்று தீர்மானிப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெட்டி. அதை வரைபவர் ஓவியரை விட நடுவருக்குத் தான் நெருக்கமானவர்.