படித்தலும் எழுதுதலும்: இந்தியச் சிறுமியர் கல்வியும் தொடக்ககாலத் தன்கூற்று எழுத்துகளும்

1. எழுத்தறிவு என்னும் சொல்

எழுத்தறிவு என்னும் சொல் படிக்கும் திறனையும் எழுதும் திறனையும் ஒருசேரக் குறிக்கிறது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறையும் இதனை ஒட்டியதே. ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவரே அக்கணக்கில் எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்தவர் அதில் சேரார். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, நண்பருக்குக் கடிதம் எழுதவும் அதற்கு வரும் மறுமொழியைப் படிக்கவும் இயலுவதையே அளவுகோலாகக் கொண்டது. இவ்வரையறையின்படி 1951இல் இந்தியப் பெண்களில் 100க்கு ஏறத்தாழ 9 பேரும், 2011இல் ஏறத்தாழ 65 பேரும் எழுத்தறிவு பெற்றிருந்தனர்.

கணக்கெடுப்புக்கு இவ்வரையறை போதுமானது. ஆனால் பெண்மக்கள் எழுத்துலகில் புகுந்த வரலாற்றை விளக்க இது போதாது. 19ஆம் நூற்றாண்டின் சிறுமியருக்குப் படித்தல், எழுதுதல், எழுதியதை வெளியிடுதல் ஆகிய மூன்றும் தனித்தனியே அடைபட்ட மூன்று கதவுகள். ஒன்றைத் திறந்தவருக்கு மற்றொன்று திறந்துவிடவில்லை. இம்மூன்றையும் பிரித்துக் காண்பது அக்கால நூல்களின் மொழியை ஆராய்வோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் இன்றியமையாதது.

2. அடுக்களையில் ஓர் ஏடு

வங்கமொழியின் முதல் தன்வரலாற்று நூலாகக் கருதப்படுவது ராசசுந்தரி தேவியின் 'ஆமார் ஜீபன்'. 'என் வாழ்க்கை' என்பது அதன் பொருள். அதன் முதற்பதிப்பு ஆண்டு 1868 என்றும் 1876 என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. விரிவாக்கப்பெற்ற வடிவம் 1897இல் வெளிவந்தது. இன்று வங்காளதேசத்தில் உள்ள பாப்னா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 1810ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த ராசசுந்தரி, 12 வயதில் மணம் செய்விக்கப்பட்டுப் புகுந்த வீடு சென்றார். பின்னர்ப் பன்னிரண்டு மக்களுக்குத் தாயானார்.

பிறந்த வீட்டில் சிறுவர்களுக்கு நடைபெற்ற பள்ளியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோதே எழுத்துகள் சில அவர் மனத்தில் பதிந்தன. பெண் படித்தால் கைம்மை எய்துவாள் என்ற நம்பிக்கை பரவியிருந்த காலம் அது. ஆகவே திருமணத்திற்குப் பின் எழுத்தார்வத்தை அவர் வெளிக்காட்டவில்லை. ஏறத்தாழ 25 வயதில், வீட்டிலிருந்த 'சைதன்ய பாகவத'ச் சுவடியினின்று ஓர் ஏட்டைப் பிரித்தெடுத்து அடுக்களையில் மறைத்து வைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றும் அவர் கைக்கு வந்தது. ஓலையிலிருந்த எழுத்தையும் ஏட்டிலிருந்த எழுத்தையும், தம் நினைவில் தங்கியிருந்த வடிவத்தையும் காதில் கேட்ட ஒலியையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, ஆசிரியர் எவருமின்றிப் படிக்கக் கற்றார்.

அதன்பின் நெடுங்காலம் அவருக்கு எழுதத் தெரியாது. படித்தலை ஒளிந்து செய்யலாம். எழுதுவதற்கோ மையும் எழுதுகோலும் தாளும் ஓய்வும் வேண்டும், எழுதியது பிறர் கண்ணில் படும். வெளியூரில் பயின்ற மகன், தன் கடிதங்களுக்குத் தாய் மறுமொழி எழுதவில்லையே என்று குறைப்பட்டு எழுதுபொருள்களைக் கொடுத்த பின்னரே அவர் எழுதப் பழகினார். 1911ஆம் ஆண்டின் அளவுகோலைக் கொண்டு நோக்கினால், சமய நூல்களைத் தாமே படித்துவந்த இப்பெண்மணி அவ்வளவு காலமும் எழுத்தறிவற்றவராகவே கணக்கிடப்பட்டிருப்பார்.

நூலில் அவர் தம்மை 'ஜிதாக்ஷரா' எனக் குறிக்கிறார். எழுத்தை வென்றவள் என்பது இத்தொடரின் நேர்பொருள். இதனைப் 'படித்தவள்' என்றோ 'கல்வி பெற்றவள்' என்றோ பெயர்த்தால் பொருள் பிழையாகாது. ஆனால் வென்றமை மறைந்துவிடும். கல்வி பெறுதல் ஒருவர் தர மற்றவர் கொள்வது. ராசசுந்தரிக்கு எவரும் தரவில்லை. 1999இல் இந்நூலை ஆங்கிலத்தில் ஆய்வுரையுடன் வெளியிட்ட தனிகா சர்க்கார், வெற்றி என்னும் கருத்தை நூலின் தலைப்பிலேயே அமைத்தது பொருத்தமே.

3. 'நாங்கள்' என்னும் சொல்

மராத்தியச் சூழல் வேறுபட்டது. ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். அவர்கள் நடத்திய பள்ளியில் பயின்ற முக்தா சால்வே, தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மாங் சமூகத்தைச் சேர்ந்தவர். ஏறத்தாழ 14 வயதில் அவர் எழுதிய, மாங், மகார் மக்களின் துன்பங்களைப் பற்றிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. ராசசுந்தரிக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்த தொலைவை, ஒரு பள்ளியும் ஓர் இதழும் இருந்தமையால் முக்தா சில ஆண்டுகளில் கடந்தார். ஆயினும் இன்று அவர் அறியப்படுவது அந்த ஒரு கட்டுரையால் மட்டுமே.

வேதத்தைக் காணும் உரிமையே இல்லாதவர்க்கு அதனைச் சமயநூல் என்று எவ்வாறு கொள்வது என்பது அவர் எழுப்பும் வினா. தலைக்குமேல் கூரையின்றிப் பிள்ளை பெறும் தம் சமூகப் பெண்களின் நிலையையும் அவர் எடுத்துரைக்கிறார். கட்டுரை இருதிறத்தாரை விளித்துப் பேசுகிறது: ஒருபுறம் கற்ற பண்டிதர்கள், மறுபுறம் தம் மக்கள்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டிய இலக்கணக் கூறு ஒன்றுண்டு. முன்னிலையாரை விலக்கிய தன்மைப் பன்மைக்கு 'ஆம்ஹீ' என்றும், உளப்படுத்திய பன்மைக்கு 'ஆபண்' என்றும் மராத்தியில் இரு சொற்கள் உள்ளன. தமிழில் 'நாங்கள்', 'நாம்' என்பன இவற்றுக்கு நிகர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பண்டிதரை நோக்கிப் பேசும் சிறுமியின் பன்மை அவர்களை விலக்கிய பன்மை. 'நாங்கள்' என்றாலன்றி அது விளங்காது. சூசி தாரு, கே. லலிதா ஆகியோர் பதிப்பித்து 1991இல் வெளிவந்த இந்தியப் பெண்ணெழுத்துத் தொகுப்பின் வாயிலாகவே இக்கட்டுரை பலருக்கு அறிமுகமாயிற்று. ஆங்கில வழியே தமிழுக்குக் கொணர்வோர் இவ்விடத்தில் மராத்தி மூலத்தை நோக்குவது நலம்.

4. தாய்மொழியும் பிறமொழியும்

வெளியிடும் மொழியைத் தேர்வதும் ஒரு சிக்கலாயிற்று. மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ருக்மாபாய் (1864-1955) 11 வயதில் மணம் செய்விக்கப்பட்டவர். கணவருடன் சென்று வாழ மறுத்தமையால் 1884இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1885இல் தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமைந்தது. மேல்முறையீட்டுக்குப் பின் 1887இல், கணவரிடம் செல்லவேண்டும் அல்லது ஆறு மாதச் சிறையை ஏற்கவேண்டும் என ஆணை பிறந்தது. சிறையையே ஏற்பதாக அவர் கூறினார். 1888இல் பணம் கொடுத்து உடன்பாடு காணப்பட்டது. பின்னர் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று திரும்பினார்.

வழக்கு நடந்த 1885இல் குழந்தை மணம், கட்டாயக் கைம்மை ஆகியன குறித்து அவர் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இதழுக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. இந்துப் பெண்மணி ஒருவர் என்னும் புனைபெயரில் வெளிவந்தவை. சட்டம் இயற்றுவோர் படிக்கும் மொழியில் எழுதியமையால் அவர் குரல் நெடுந்தொலைவு எட்டியது. அதே காரணத்தால் அவரைப் போன்ற சிறுமியருள் மிகப் பெரும்பாலோர் அதனைப் படிக்க இயலவில்லை. இவ்வழக்கு கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியில், 1891ஆம் ஆண்டின் இசைவு வயதுச் சட்டம் சிறுமியரின் இசைவு வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்தியது. பெண்ணின் மணவயதை 1929ஆம் ஆண்டுச் சட்டம் 14 எனவும், 1978ஆம் ஆண்டுத் திருத்தம் 18 எனவும் வரையறுத்தன.

5. தமிழில்

தமிழில் சிறுமியின் தன்கூற்று முதலில் ஓர் ஆடவரின் புனைவில் அழுத்தம் பெற்றது. அ. மாதவையா 1892இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடங்கி இடையில் நின்றுபோன 'சாவித்திரி சரித்திரம்', 1903இல் 'முத்துமீனாட்சி' என்னும் நாவலாக வெளிவந்தது. இளம் பருவத்தில் மணமும் கைம்மையும் அடைந்த பெண் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது அது. மராத்தியில் தன்மை ஒருமை வினையும் பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். தமிழிலும் வங்கத்திலும் தன்மை வினைக்குப் பால் வேறுபாடு இல்லை. எனவே 'முத்துமீனாட்சி'யின் பெண்குரல் வினைவடிவத்தால் அன்றி, உறவுச் சொற்களாலும் வீட்டுவழக்காலும் உருவாக்கப்பட்ட குரலாகிறது.

பெண்ணே ஆசிரியராகும் வழியும் நேர்வழியாக இல்லை. ஐந்து வயதில் மணம் செய்விக்கப்பட்ட வை. மு. கோதைநாயகி (1901-1960), எழுதிப் பழகாத நிலையில் தம் முதற்படைப்பாகிய 'இந்திர மோகனா' நாடகத்தைத் தோழி பட்டம்மாள் எழுத வாய்மொழியாகச் சொன்னார். பின்னர் எழுதக் கற்று, 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். ராசசுந்தரி எழுதுமுன் படித்தார். கோதைநாயகி எழுதுமுன் படைத்தார்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு செய்திகள் தெளிவாகின்றன. எழுதத் தெரியாமை படிக்கத் தெரியாமை ஆகாது; அவ்விரண்டும் இலக்கியம் படைக்கத் தெரியாமையும் ஆகா. ஆதலின் ஒரு மொழியில் பெண்ணெழுத்தின் தொடக்கத்தை அச்சிட்ட முதல் நூலின் ஆண்டைக் கொண்டு மட்டும் கணிப்பது குறைபாடுடையது. மேலும், இவ்வெழுத்துகளில் ஒரு பிரதிப்பெயரும் ஒரு தொடருமே சிறுமியொருத்தி எங்கு நின்று, யாரை நோக்கிப் பேசினாள் என்பதைக் காட்டும் சான்றுகளாக எஞ்சியுள்ளன. நடையழகு கருதி மொழிபெயர்ப்பாளர் அவற்றைச் சீர்செய்வாராயின், அரிதின் முயன்று ஒருமுறை எழுதப்பட்டது மீண்டும் அழிக்கப்பட்டதாகும்.