மருத்துவச் சொற்கள்: புதுச்சேரி

மேனாட்டு மருத்துவக் கல்வியில் புதுச்சேரி மூத்த ஊர். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளியே, 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் என்று பெயர் பெற்றது. பாடமொழி பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியும் நோய்ப்பெயர்கள் பெரிதாக மாறவில்லை. இரு மொழிகளுமே அவற்றைக் கிரேக்க, லத்தீன் வேர்களிலிருந்து கடன் வாங்கியவை.

கோரிமேட்டில் ஜிப்மருக்கு வரும் நோயாளி சொல்லின் வாலைக் கவனித்தாலே பாதி புரிந்துவிடும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி: அப்பெண்டிசைட்டிஸ் என்பது குடல்வால் அழற்சி. 'எக்டமி' வெட்டி அகற்றுவது, 'ஸ்கோப்பி' கருவி நுழைத்துப் பார்ப்பது, 'பிளாஸ்டி' சீரமைப்பது. பலரும் தடுமாறும் இடம் 'ஆஸ்டமி'. கோலெக்டமியில் பெருங்குடலையோ அதன் ஒரு பகுதியையோ எடுத்துவிடுவார்கள். கோலோஸ்டமியில் பெருங்குடலை வயிற்றுத் தோல்வரை கொண்டுவந்து மலம் வெளியேற வழி திறப்பார்கள். இரண்டெழுத்து வேறுபாடுதான், ஆனால் பிந்தையதில் வயிற்றில் பை கட்டி வாழ நேரும்.

'அக்யூட்' என்றால் ஆபத்தானது என்று பலர் பதறுகிறார்கள். திடீரென வந்தது என்பதே பொருள். சாதாரணச் சளியும் அக்யூட்தான். நாட்பட்டது 'க்ரானிக்'. புற்றுநோய்க்கான பயாப்ஸியில் 'நெகட்டிவ்' என்று வந்தால் அது நல்ல செய்தி.

இவற்றைத் தமிழில் சொல்ல முடியாதா? யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், அறுவை மருத்துவ நூலையும் தமிழில் கொண்டுவந்தார். முடியாது என்பது சோம்பல்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், எதை எடுக்கப் போகிறார்கள், எதைத் திறக்கப் போகிறார்கள் என்று மருத்துவரிடம் தமிழிலேயே கேளுங்கள்.