எல்லை தாண்டிய இறப்புகள்

ஓசூர்க் காற்றிலுள்ள நுண்தூசியால் எத்தனை உயிர்கள் போகின்றன? 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த ஊர். நெடுஞ்சாலையில் ஓயாத லாரிகள், கிருஷ்ணகிரி மாவட்டமெங்கும் கல்குவாரிகளும் ஜல்லி கிரஷர்களும். யாராவது கணக்கெடுத்திருப்பார்கள் என்று நம்பித் தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் கர்நாடக எல்லைக்கு அப்பால் கிடைத்தது. 2024இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு, பத்து இந்திய நகரங்களில் 2008 முதல் 2019 வரை பதிவான சுமார் 36 லட்சம் இறப்புகளை ஆராய்ந்தது. பிஎம் 2.5 எனும் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் அன்றாட இறப்பு 1.42 சதவீதம் கூடுகிறது. தில்லியில் இந்த உயர்வு 0.31 சதவீதம்தான், பெங்களூரில் 3.06. அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தூசி குறைவான ஊரில்தான் கூடுகிற ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிக உயிரைக் குடிக்கிறது. பட்டியலில் சென்னையும் உண்டு. பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் ஓசூர் இல்லை.

தூசிக் கணக்கு இல்லாததால் விடுபட்டதா? அதுவும் இல்லை. அந்த ஆய்வு பயன்படுத்திய நாள்வாரித் தூசி மதிப்பீடு, இந்தியா முழுவதையும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துச் செய்யப்பட்டது. ஓசூரும் பக்கத்துத் தேன்கனிக்கோட்டையும் அந்தக் கட்டங்களுக்குள்தான் இருக்கின்றன. ஆக, தேட வேண்டியது இறப்புக் கணக்கை.

மரணக் காரணத்தைச் சான்றளிக்கும் படிவம் 4ஐ எடுத்து வைத்துக்கொண்டேன். உடனடிக் காரணம், அதற்கு இட்டுச் சென்ற காரணங்கள், பிற நோய்கள் என வரிகள் இறங்குகின்றன. மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு என்று மருத்துவர் எழுதுவார். தூசி என்று யாரும் எழுதப்போவதில்லை. அதனால்தான் ஆய்வாளர்கள் காரணத்தை விட்டுவிட்டு, தூசி கூடிய நாட்களில் இறப்பு கூடியதா என்று தேதியோடு தேதியை ஒப்பிடுகிறார்கள். அப்படிப் பார்க்க ஓசூர்ப் பதிவேடு போதும் என்றுதான் முதலில் தோன்றும்.

போதாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டிப்போய் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோகும் ஓசூர்க்காரர், கர்நாடகக் கணக்கில் ஏறுகிறார். அவர் ஆண்டாண்டாய்ச் சுவாசித்தது சிப்காட் காற்றை.

ஆனால் இறப்பு அறிக்கைப் படிவத்தில் புள்ளிவிவரத்துக்கென்று தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. இறந்தவர் வசித்த ஊர், மாவட்டம், மாநிலம் எல்லாம் அதில் கேட்கப்படுகின்றன. அங்கேதான் நூல் பிடிபட்டது. பெங்களூரில் பதிவான இறப்புகளில் வசிப்பிடம் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றிருப்பவற்றைப் பிரித்தெடுத்து, ஓசூர்ப் பதிவுகளோடு சேர்க்க வேண்டும். பெயர்கள் வேண்டாம், தேதி, வயது, ஊர் போதும். தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டின் தலைமைப் பதிவாளர்களும் மனம்வைத்தால் இது ஆகிற காரியம்.